பேய்கள் தந்த மாளிகை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசற்படி இறங்குகையில், எங்கள் முஹல்லாவைச் சேர்ந்த தேங்காய் வியாபாரி ஒருவர் என்னை மறித்து நின்றார். உடுமலைப்பேட்டையின் ஆடிக் காற்றை அறிந்தவர் அறிவர். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் அக்காற்றில் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நின்று பேச இயலும். அவர் கையில் செய்தித்தாளில் பொதிந்த இரண்டு புத்தகங்கள் இருந்தன.

"ஹஜ்ரத், புள்ள படிக்கிற புஸ்தகமுங்க. ஆகுமா ஆகாதானு நீங்கதான் பார்த்துச் சொல்லோணும்" என்றார்.

அவருடைய மகள் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவள். இப்போது ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயில்கிறாள். பாழடைந்த மாளிகை, இருள், மறைந்திருக்கும் பாவம், அச்சம் ஆகியவற்றைக் கொண்டு பின்னப்படும் கதைகளை 'கோதிக்' நாவல் என்பர் ஆங்கிலேயர். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யே அவ்வகைக்கு முன்னோடி. அவற்றுள் ஒரு பெண் மற்றொரு பெண்மீது கொள்ளும் காதலைச் சொல்லும் கதைகளைப் பற்றி அவள் ஆய்வேடு எழுதுகிறாளாம். இதனைத்தான் தந்தை எங்கிருந்தோ கேள்வியுற்று வந்திருக்கிறார். மார்க்கத் தீர்ப்பு யாதென அவரும் அறிவார், நானும் அறிவேன். அதனை மாற்ற இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆயினும் ஒரு நூலைப் படியாமலே அதன்மீது தீர்ப்புரைப்பது எங்கள் ஆசிரியப் பெருமக்கள் எனக்குக் கற்பித்த முறையன்று. எனவே வாங்கிக்கொண்டேன். அகராதியின் துணையோடு நான்கு இரவுகள் படித்தேன்.

முதல் நூல் அயர்லாந்துக்காரராகிய ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா'. 1872இல் அவர் வெளியிட்ட தொகுதியில் இடம்பெற்றது. பெயர்பெற்ற 'டிராகுலா' நாவலுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தது. காட்டின் நடுவே தனித்த மாளிகையில் லாரா என்னும் தாயற்ற பெண் தந்தையோடு வாழ்கிறாள். பேய்க் கதைகளும் தேவதைக் கதைகளும் காதில் விழாதபடி அவளைக் கவனமாக வளர்த்திருக்கிறார்கள். (இவ்விடத்தில் தேங்காய் வியாபாரியை நினைத்துக்கொண்டேன்.) வாயிலில் ஒரு வண்டி கவிழ, அதில் வந்த இளம்பெண் விருந்தாளியாகத் தங்குகிறாள். இருவருக்கும் இடையே அன்பு பெருகுகிறது. லாராவுக்கோ அவ்வன்பில் ஈர்ப்பும் வெறுப்பும் ஒருங்கே எழுகின்றன, உடலும் மெலிகிறது. வந்தவள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இறந்த ஒரு பிரபு குலத்துப் பெண், இரத்தக் காட்டேரி, என்பது ஈற்றில் வெளிப்படுகிறது. கல்லறையைத் திறந்து, நெஞ்சில் முளை அறைந்து, தலை துணித்து, உடலை எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுகின்றனர் ஆடவர். அத்துடன் எல்லாம் சுகமாயிற்று என்றே கதை முடியும் என எண்ணினேன். அவ்வாறு முடியவில்லை. ஆண்டுகள் கடந்த பின்னரும் அவளுடைய மெல்லிய காலடி ஓசை கதவருகே கேட்பதாகத் தோன்றி லாரா திடுக்கிடுகிறாள். காட்டேரியை எரித்தவர்கள் லாராவை ஒரு சொல்லேனும் கேட்டார்களா?

இரண்டாவது நூலே என்னை உறங்கவிடாதது. இராஜஸ்தானத்துக் கதைஞர் விஜயதான் தேத்தா, ஜோத்பூர்ப் பக்கத்தில் போருந்தா என்னும் தம் சிற்றூரிலேயே வாழ்ந்தவர். கிராமத்துக் கிழவர்களும் பெண்டிரும் சொல்லிவந்த கதைகளைத் திரட்டி, அவற்றைத் தம் கைவண்ணத்தில் புத்துருவாக்கிப் பதினான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1974இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2013இல் மறைந்தார். 'இரட்டை வாழ்வு' எனப் பொருள்படும் அவருடைய கதையின் ஆங்கில ஆக்கம் அந்நூலில் இருந்தது. நாவலன்று, நெடுங்கதைதான். ஆயினும் நாவலுக்குரிய கனம் அதற்குண்டு.

வணிக நண்பர் இருவர், பிறவாத தம் மக்களுக்குத் திருமணம் பேசி வாக்களித்துக் கொள்கின்றனர். இருவர்க்கும் பிறந்தவை பெண்மகவுகள். வரதட்சணைப் பேராசை பிடித்த ஒருவன் தன் மகளை ஆண் எனச் சொல்லி, ஆணுடை அணிவித்து வளர்க்கிறான். தான் பெண் என்பதை அக்குழந்தையும் அறியாது. மணம் நடக்கிறது. மணவறையில் உண்மை வெளியாகிறது. பீஜா, தீஜா என்னும் அவ்விருவரும் திகைத்துப் பின் தேறி, ஒருவரையொருவர் விட்டுப் பிரிய மறுக்கின்றனர். ஊர் தூற்றுகிறது. இருவரும் ஊரைத் துறந்து, மனிதர் அஞ்சி ஒதுங்கும் பேய்களின் இருப்பிடத்தை அடைகின்றனர். பேய்களின் தலைவன் அவர்களுக்கு அடைக்கலம் தருகிறான். மாளிகையும் எழுப்பித் தருகிறான். துரத்தி வந்த ஊரார்தாம் அஞ்சி ஓடுகின்றனர்.

கதை அத்துடன் நிற்கவில்லை. பேய்த்தலைவனின் வரத்தால் பீஜா ஆணாகிறாள். ஆனவுடன் ஆணவமும் வந்து ஏறுகிறது. நேற்றுவரை தோழியாயிருந்தவள்மீது அதிகாரம் செலுத்தத் தலைப்படுகிறான். தீஜா மனமுடைகிறாள். தன் நிலை உணர்ந்து வெட்கி, பீஜா மீண்டும் பெண்ணாகவே மாறி அவளோடு வாழ்கிறாள். ஆடவனாகிய நான் இப்பகுதியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இவை யாவும் இக்காலத்துப் புதுமை என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும. பக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், தாம் அறிந்த நூல்களுக்கெல்லாம் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியல் தொகுத்தார். அதன் எட்டாம் பகுதி இராக்கதைகளுக்குரியது. ஆயிரத்தொரு இரவுகளின் மூலமாகிய பாரசீக நூலைப் பற்றிய குறிப்பும் அங்கேதான் உள்ளது. காதலர் கதைகளை அவர் வகைப்படுத்துமிடத்தில், இரு பெண்களின் பெயர்களையே தலைப்பாகக் கொண்ட நூல்கள் வரிசையாக வருகின்றன. 'ரைஹானாவும் கரன்ஃபுலும்' என்பது அவற்றுள் ஒன்று. திருநீற்றுப்பச்சையும் கிராம்பும்! என்ன மணமான தலைப்பு! பெண்கள் ஒருவரையொருவர் காதலித்த கதைகள் இவை என்பர் ஆராய்ச்சியாளர். ஜின்னைக் காதலித்த மனிதர், மனிதரைக் காதலித்த ஜின்கள் பற்றிய நூல்களும் அதே பகுதியில் உள. நம் கைக்கு வந்து சேர்ந்தவை தலைப்புகள் மட்டுமே. நம் காலத்திலும் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 1942இல் வெளியிட்ட 'லிஹாஃப்' என்னும் சிறுகதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. சுவரில் யானையைப்போல் அசையும் போர்வை நிழலைக் கண்டு நடுங்கும் ஒரு சிறுமியே அக்கதையைச் சொல்கிறாள். ஆபாசமென்று சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் அகப்படாமையால் வழக்கு நிலைக்கவில்லை.

இதனிடையே அம்மாணவியே என்னைக் காண வந்தாள். தந்தை என்னிடம் வந்ததை அறிந்திருந்தாள். அழவுமில்லை, வாதாடவுமில்லை. "ஹஜ்ரத், இந்தக் கதையில பேய் யாருங்க?" என்று மட்டும் கேட்டாள். ஜின்களிலும் நல்லோர் உண்டென்று திருமறையே கூறுவதை நான் அவளுக்குச் சிறு வயதில் ஓதிக் கொடுத்திருக்கிறேன். மகளின் பிறப்பையே மறைத்து விலைபேசிய தகப்பனைச் சுட்டி, "அவன்தானம்மா" என்றேன். சலாம் சொல்லிப் போய்விட்டாள்.

மறுநாள் வியாபாரி வந்தார். புத்தகங்களைத் தந்து, மகள் படிக்கட்டும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "அதுக்கில்லீங்க, பொள்ளாச்சியில ஒரு எடம் பேசியாச்சு. படிப்பு முடியட்டும்னு பார்த்தா இப்படி ஆகிப்போச்சு. தேதி குறிச்சர்லாமுங்களா?" என்றார். மகளைக் கேட்டீர்களா என்றேன். "சும்மாதான் இருக்கறா. மௌனம் சம்மதந்தானுங்களே" என்றார்.

அவர் சொன்னது சட்டம்தான். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகும். எங்கள் ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் மேலும் நுணுகிச் சென்று, ஓசையின்றி அழுதால் அது மறுப்பாகாது என்பார்கள். பிறந்த வீட்டைப் பிரியும் துயரமாக அது இருக்கலாமன்றோ? இப்பாடத்தை எத்தனையோ மாணவர்க்கு நான் நடத்தியிருக்கிறேன். விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்த கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்லாததாக்கிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதனையும் நடத்தியிருக்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ். எழுதுபவன் நான். திரைக்கப்பால் அழுகை கேட்டது. விம்மல் அன்று, வாய்விட்ட அழுகை. வக்கீலாக உள்ளே சென்று வந்தவரை, "பெண் அழுகிறாளா?" என்றேன். "பெண் சத்தமில்லாமத்தானுங்க அழுகுது. சத்தம் போடறது அவ கூட்டுக்காரி" என்றார். நான் பதிவேட்டைத் திறந்து எழுதினேன். அவர்களிடையே இருந்தது தோழமைதானா, வேறா, என்று நான் கேட்கவில்லை. இன்றும் கேட்க மாட்டேன். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அப்பெண்ணின் வாய்ச்சொல்லை ஒருமுறை கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. பந்திக்கு நேரமாயிற்று என்று யாரோ சொன்னார்கள்.

வியாபாரியிடம் இதனைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. தேதி குறிக்குமுன் மகளை, தாயாரும் நானும் இருக்கையில், வாய் திறந்து சொல்லும்படி கேட்க வேண்டும். மௌனத்தை நான் எழுத மாட்டேன் என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தகங்களை மறுபடியும் செய்தித்தாளில் சுற்றினார். காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வெறும் புத்தகங்களாகவே அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதி வழியே நடந்தார்.