ஆறிய பின் ருசிக்கும் சமையல்

பென்டோ, காலை ஆறு மணிக்குச் சமைத்துப் பெட்டியில் அடைத்து, பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாலும் சூடுபடுத்தாமலே சாப்பிடும் உணவு. யோகோஹாமாவில் மகளுக்கும் கணவருக்கும் அதைக் கட்டித் தரும் எனக்கு, அடுப்படியில் எடுக்கும் எல்லா முடிவும் அந்த ஆறு மணி நேரத்தைப் பொறுத்தவை. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு. அதனால் சோறு ஆறினாலும் விறைக்காது. ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறையும் மாட்டிறைச்சியைத் தவிர்த்து, கோழித்தொடையோ உப்பிட்ட சால்மனோ வைப்பேன்.

எதை எவ்வளவு வைப்பது என்பதற்குத் தராசு வேண்டாம், பெட்டியே போதும். மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு மீன், முட்டை, இறைச்சி அல்லது தோஃபு, இரண்டு பங்கு காய்கறி என்பது ஜப்பானிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்லித் தரும் கணக்கு. எடையைப் பார்க்காமல் பெட்டிக்குள் பிடிக்கும் இடத்தைப் பங்கிட வேண்டும். எண்ணெயில் செய்தது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படி 600 மில்லி பெட்டியை இறுக நிரப்பினால் ஏறக்குறைய 600 கலோரி கிடைக்கும். ஆளுக்கேற்ற பெட்டியை வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு பங்கு காய்கறிதான் சோம்பலில் முதலில் சுருங்கும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை கோபோ வேரையும் கேரட்டையும் மெல்லிசாகச் சீவி, நல்லெண்ணெயில் வதக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வற்றவிட்டு வைத்துக்கொள்வேன். இதன் பெயர் கின்பிரா. இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பென்டோவைக் கெடுப்பது நீர். இதைச் சொல்லாமல் வண்ணங்களையும் அலங்காரத்தையும் மட்டும் பேசும் சமையல் குறிப்புகள் எனக்கு ஏற்பில்லை. வேகவைத்த பசலைக்கீரையை ஒருமுறை பிழிந்தால் போதாது. சில சொட்டு சோயா சாஸ் விட்டுப் பிசறி மறுபடி பிழிய வேண்டும். அதன் பிறகுதான் இடித்த எள்ளைக் கலக்க வேண்டும். எள் வாசனைக்கு மட்டுமல்ல, மிஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ப்ராக்கோலியின் பூக்களுக்குள் வெந்நீர் ஒளிந்திருக்கும்; தலைகீழாகக் காகிதத்தில் கவிழ்த்து வடியவிடுவேன். செர்ரி தக்காளியின் காம்பைக் கிள்ளிவிட்டுத் துடைக்க வேண்டும், காம்படியில் கிருமி தங்கும். தமாகோயாகி என்ற முட்டைச் சுருளை, வீட்டில் உடனே சாப்பிடுவதானால் உள்ளே குழைவாக எடுக்கலாம். பெட்டிக்குப் போவதை முழுதாக வேகவிட வேண்டும். அதில் சேரும் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆறிய பிறகும் முட்டை வறண்டு போகாது.

அடுக்கும்போது முதலில் சோறு. அதன் ஓரத்தைச் சரிவாக விட்டு, மீன் துண்டைச் சாய்த்து வைப்பேன். பிறகு முட்டை, பிறகு கீரை, மிச்ச இடுக்குகளில் ப்ராக்கோலி. இடைவெளி இருந்தால் ரயில் நெரிசலில் எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்துவிடும். சோற்று நடுவில் உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிய உமே பழம், ஒன்றை அழுத்துவேன். சோறு கெடாமலிருக்க அது உதவும்தான். ஆனால் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் மட்டுமே. முழுப் பெட்டியையும் அது காக்கும் என்று நம்பக் கூடாது.

மூடுவதற்கு முன் ஆறவிடுவதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி நீராகித் திரும்பச் சோற்றிலேயே விழும், வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிகளுக்கு வசதி. அகிதா மாநிலத்து ஓதாதே ஊரின் மாகேவாப்பா பெட்டியை இதற்காகவே விரும்புகிறேன். மெல்லிய சுகி மரப்பலகையை வளைத்துச் செய்த அது, மிகுந்த ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். விலை அதிகம், ஆனாலும் தகும்.

சோற்றில் கரடியும் பூனையும் செதுக்கும் பென்டோக்களை நான் செய்வதில்லை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு நேரம் கை படும் உணவை மதியம்வரை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் இன்னும் கண்டிப்பு. அப்போது காய்கறி கலந்து வடித்த சோற்றையும் மயோனைஸ் சேர்த்த உருளைக்கிழங்கையும் அடியோடு நிறுத்திவிடுவேன். பெட்டியைத் துணியில் கட்டும்போது உறைந்த குளிர்ப்பொதி ஒன்றையும் சேர்த்து முடிவேன். குளிர் கீழே இறங்கும் என்பதால் அதை மூடியின் மேல்தான் வைக்க வேண்டும்.