எட்டு கிலோ ஈயம்

இந்தப் பொங்கல் விடுமுறைக்கு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு டைவிங் போகிற நம் திருப்பூர் குழுவை நான் கூட்டிப் போகவில்லை. காது ஒத்துழைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். காது நன்றாகத்தான் இருக்கிறது. பயணக் கணக்குப் பார்க்கத் திருப்பூர் மண்ணரையில் கூடியபோது, நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: “ஏனுங்ணா, எதுக்கு நாலு நாள் பாடம் படிச்சு, பரீட்சை எழுதி, வெயிட்டைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு? வேற பக்கம் போனா அரை மணி நேரத்துல அவனே டேங்கைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, வீடியோவும் எடுத்துக் குடுத்தர்றானுங்க. பாதிக் காசு.” எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் ஓபன் வாட்டர் பயிற்சி முடித்து, பதினெட்டு மீட்டர் வரை இறங்கியவர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு உறைத்தது அதுதான்.

அந்த அரை மணி நேர டைவைக் குறை சொல்லவில்லை. சரியாகச் செய்கிற ஆட்களிடம் அது பாதுகாப்பானது. பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே இறக்க மாட்டார்கள், ஓர் ஆளுக்கு ஓர் ஆள் இருப்பார். ஆனால் அங்கே பி.சி.டி. என்கிற மிதவைச் சட்டைக்குக் காற்று விடுவதும் எடுப்பதும், ஏறுவதும் இறங்குவதும் எல்லாம் பிடித்திருப்பவர் வேலை. போகிறவர் மூச்சு விட்டால் போதும். அதை டைவிங் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் குழுவில் யாரும் கடல்புரத்து ஆள் இல்லை. கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், டையிங் லேப்காரர், ஆடிட்டர் ஆபீஸ் பையன், இப்படித்தான். பாதிப் பேர் தோட்டத்துக் கிணற்றில் காய்ந்த சுரைக்காய்க் குடுவையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள். தண்ணீர் பயம் கிடையாது. ஆனால் கிணற்று நீச்சல்காரரைத் திருத்துவதுதான் பெரும்பாடு. கையை வீசாமல் அவர்களால் தண்ணீரில் இருக்க முடியாது. டைவிங்கில் கைக்கு வேலையே இல்லை. நெஞ்சோடு மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நீச்சலில் அரைகுறையாக இருந்து நிதானமாக மூச்சு விடுகிற கணக்குப்பிள்ளை, கிணற்றில் மேல் படியிலிருந்து தலைகீழாகக் குதித்தவரைவிட ஒரு நாள் முன்னதாகவே தேறிவிடுவார்.

இன்னொன்று பஞ்சு. வருஷக்கணக்கில் நிட்டிங் யூனிட்டில் நின்றவருக்கு மூக்கு எப்போதும் பாதி அடைத்தே இருக்கும். அவருக்குக் காதில் அழுத்தம் சமமாகாது, அதாவது ஈக்வலைஸ் ஆகாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். மாத்திரையின் வேகம் கீழே இருக்கும்போதே தீர்ந்துபோனால், மேலே வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியிருக்காது. வலி உயிர் போகும். இதற்காகப் படகிலேயே உட்கார வைத்த ஒருவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தூத்துக்குடிக்காரர். சங்கு குளிக்கிற குடும்பம். அவருடைய தகப்பனார், 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் இறங்கியவர். இவர் பிழைக்க அந்தமான் போய், அங்கே டேங்க் தூக்கும் வேலையில் தொடங்கி டைவ் மாஸ்டர் ஆனார். அவருக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தேவைக்கு மேல் இடுப்பில் ஈயம் கட்டுவது.

டேங்கில் ஐம்பது பார் காற்று மட்டும் மிச்சம் இருக்க, பி.சி.டி.யை முழுக்கக் காலி செய்து, பாதி மூச்சோடு அசையாமல் நின்றால், தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதுதான் சரியான எடை. டைவின் கடைசியில் பார்க்க வேண்டிய கணக்கு அது. நிறைந்த டேங்கில் காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல் வரும், அது கரையக் கரைய ஆள் மேலே மிதக்கப் பார்ப்பான். நான் ஆறு கிலோ கட்டிக்கொண்டு போனேன். அவர் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். நாலு கிலோவில் நிறுத்தினார். எனக்கு வயிறு கலங்கியது.

அதன் பிறகுதான் பரீட்சை. பவளத் திட்டுக்குப் பக்கத்தில் வெறும் மணல், ஐந்து மீட்டர் ஆழம். மணலில் ஒரு சின்ன வளை. வளை வாசலில் விரல் நீளத்துக்கு ஒரு கோபி மீன் காவல் நிற்கும். உள்ளே ஓர் இறால், கண் பார்வை குறைந்தது; அதுதான் வளையைத் தோண்டிப் பராமரிக்கிறது. புல்டோசர் மண் தள்ளுவதைப் போல முன்கைகளால் மணலை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும். வெளியே வரும்போது தன் மீசையில் ஒன்றை மீனின் உடம்பின்மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கும். இரண்டும் உள்ளே போய்விடும். “அந்த ரால் வெளிய வார வரைக்கும் அதுக்க மேல கிட. கை காலை ஆட்டப்பிடாது” என்றார் ஆசிரியர்.

வளைக்கு ஒரு முழம் மேலே குப்புறக் கிடந்தேன். மூச்சை இழுத்தால் ஆள் உடனே ஏறுவதில்லை. ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் ஏறுகிறான். அதற்குள் போதவில்லை என்று இன்னும் இழுப்போம், ஒரேயடியாக மேலே போவோம். பயந்து எல்லாவற்றையும் விடுவோம், மணலில் முட்டுவோம். மீன் உள்ளே ஓடிவிடும். மூச்சை அடக்கவும் கூடாது, டேங்க் டைவிங்கில் அதுதான் முதல் விதி. அடக்கியபடி மேலே போனால் நுரையீரல் கிழியும். ஆக, ஏறத் தொடங்குவதற்கு முன்பே விடத் தொடங்க வேண்டும், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே இழுக்கத் தொடங்க வேண்டும். ஆழத்தில் இது எளிது. பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் காற்று இரண்டு மடங்காக விரிந்துவிடும் என்பதால், ஆழம் குறையக் குறையத்தான் கஷ்டம். டேங்க் காலியாகும், இறால் வராது. ஏறி வந்தால் அவர் படகில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, “நாளைக்குப் பாப்போம்டே” என்பார். வேறொன்றும் சொல்லிக்கொடுக்க மாட்டார். கூட வந்தவர்கள் ஆமையும் பாராகூடாவும் பார்த்துவிட்டு வந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மணலைப் பார்த்துவிட்டு வருவேன்.

கடைசியில் ஒரு நாள் இறால் வந்தது. கோபியின் முதுகில் மீசையை வைத்துக்கொண்டு, என் முகக் கண்ணாடிக்கு நேர் கீழே, சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு சிப்பித் துண்டை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகுதான் என்னைத் திட்டுப் பக்கம் போக விட்டார்.

இதை ஏன் இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு வருகிறவர்களுக்கு எட்டு கிலோ கட்டிவிடுகிறார்கள். வேறொன்றுமில்லை, கூட்டிப் போகிறவருக்குச் சுலபம். ஆள் கல் போலத் தரையில் நிற்பார், எழும்ப மாட்டார், வீடியோவில் முகம் தெளிவாக விழும். அந்த எடையைச் சமாளிக்க பி.சி.டி.யில் காற்றை ஏற்ற வேண்டும், அந்தக் காற்று ஏற இறங்க விரிந்து சுருங்கி ஆளை அலைக்கழிக்கும், கால் தொங்கும், ஃபின் பவளத்தில் அடிக்கும். மான்கொம்புப் பவளம் வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தாலே அதிகம். பாறை போலத் திரண்டிருக்கும் போரைட்டிஸ் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆள் உயரத்துக்கு ஒன்றைப் பார்த்தால் அது நம் பூட்டன் காலத்துக்கு முந்தியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதன்மேல் கையை ஊன்றிப் போஸ் கொடுக்கிறார்கள்.

ஏற்கனவே அது நோயாளி. கடல் சூடாகி 2010இல் அந்தமானில் பவளம் வெளுத்தது, 2016இல் மறுபடி. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நாலாவது முறையாக வெளுப்பு நடக்கிறது என்று அறிவித்தார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் இதே கதை. அங்கே தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருபத்தொரு தீவுகள், 1986லிருந்து தேசியப் பூங்கா, நினைத்த இடத்தில் போய்க் குதிக்க முடியாது. முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி ஏற்றினார்கள். தீவுகளில் இரண்டு கடலுக்குள் போயே போய்விட்டன. அதனால் கட்டுப்பாடு சரிதான் என்பது என் கட்சி. கெட்டுப்போன தண்ணீரைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நொய்யல் என்ன நிறத்தில் ஓடியது என்று மண்ணரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த டையிங் லேப்காரர் ஒருமுறை ஷேடு கார்டை லேமினேட் செய்து கொண்டுவந்தார். பத்து மீட்டருக்குக் கீழே போனதும் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சிவப்பு, மங்கிய பழுப்பாகிவிட்டது. மஞ்சள் ஓரளவு நின்றது. நீலம் அப்படியே இருந்தது. சிவப்பு வெளிச்சத்தைத் தண்ணீர்தான் முதலில் குடித்துவிடுகிறது. டார்ச்சை அடித்தேன், சிவப்பு திரும்பி வந்தது. எழுதும் பலகையில் அவர் எழுதிக் காட்டினார்: ‘பையர் ரிஜெக்ட் பண்ணிருவான்.’ ரெகுலேட்டரைக் கடித்தபடி சிரித்ததில் இருவர் மாஸ்க்கிலும் தண்ணீர் புகுந்தது. வீடியோவுக்குப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. சிவப்பு ஃபில்டர் போட்டு எல்லா நிறத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தமானில் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள், ஜாக்சன்ஸ் பார் என்று டைவ் இடங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரப் பெயர் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவையெல்லாம் கரேன் சமூகத்து டைவர்களின் பெயர்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய மக்கள் அவர்கள். ஓர் இடத்துக்குத் தன் பெயர் நிற்கும் அளவுக்கு அங்கே இறங்கி ஏறிய ஆட்கள். அப்படிப்பட்ட தொழிலை அரை மணி நேரப் பேக்கேஜ் ஆக்கி, ஃபெர்ரி டிக்கெட்டோடு சேர்த்து விற்கிறார்கள்.

சரி, போகிறவர்கள் போகட்டும். ஆனால் தம்பிகளே, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு எத்தனை கிலோ ஈயம், ஏன் அத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் முதுகில் தட்டுகிறவரிடம் இறங்காதீர்கள். அடுத்தது விமானம். நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன்: கடைசி நாள் காலையில் டைவ், மதியம் ஃபெர்ரி, சாயங்காலம் சென்னை விமானம். பல நாள் இறங்கியவர் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் வேண்டும். அந்தக் கடைசி டைவை ரத்து செய்துவிடுங்கள்; முன்பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை.