வால்வு மாற்றிக் கேட்கிற வேலை

வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரோடு என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வால்வு போட்டா நல்லாருக்கும் சார்?" நான் பதிலுக்கு, "ஹெட்போன் எத்தனை ஓம்?" என்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. அட்டைப் பெட்டியைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருவார்கள். வால்வைப் பற்றிய பேச்சை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிப்பேன்.

காரணம் இருக்கிறது. நான் தினமும் கேட்கிற ஆம்ப்ளிஃபயரில் முன்னால் ஒரு 6எஸ்என்7, பின்னால் ஒரு 6ஏஎஸ்7ஜி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. இந்த 6ஏஎஸ்7 பாட்டுக்காகச் செய்த வால்வே அல்ல. பவர் சப்ளையில் வோல்டேஜ் ஆடாமல் பிடித்துவைக்கிற ரெகுலேட்டர் வேலைக்குச் செய்தது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. பிளேட் ரெசிஸ்டன்ஸ் 280 ஓம், மியூ (பெருக்கும் அளவு) வெறும் 2. சத்தத்தைப் பெருக்குவதற்கு உதவாது. ஆனால் கேத்தோடு ஃபாலோயராகக் கட்டினால் ஹெட்போனுக்கு வேண்டிய கரண்டைத் தாராளமாகக் கொடுக்கும். என் செட்டில் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் பக்கம் நிற்கிறது. 300 ஓம் சென்ஹைசரை மாட்டினால் சிக்னலில் பத்தில் ஏழு பங்கு ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் ஐந்தில் நான்கு பங்கு வால்வுக்குள்ளேயே நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு நாற்பது வால்வு மாற்றிப் பார்த்தாலும் சத்தம் சப்பையாகத்தான் இருக்கும். ஒரு பையன் அப்படி ஆறு மாதம் வால்வாக வாங்கிக் குவித்தான். அவன் செலவழித்த காசுக்கு நல்ல 300 ஓம் ஹெட்போனே வந்திருக்கும்.

எனக்கு வால்வைத் தொடச் சொல்லிக்கொடுத்தவர் ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் செட்டுகள்தான் அவர் உலகம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்த இசிசி83, இஎல்84 எல்லாம் அவர் மேசை இழுப்பறையில் பழைய பேப்பரில் சுற்றிக் கிடக்கும். சாக்கெட்டிலிருந்து வால்வைக் கழற்றுவதை அவரிடம் பார்க்க வேண்டும். ஆக்டல் வால்வு என்றால் பேக்கலைட் பேஸைப் பிடிப்பார், கண்ணாடியைத் தொடமாட்டார். முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைத்து, மெல்ல மேலே தூக்குவார். ஒன்பது பின் உள்ள சின்ன வால்வு என்றால் திருகவே மாட்டார். நேராக, சின்னச் சின்ன வட்டமாக ஆட்டி எடுப்பார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கண்ணாடியைப் பிடித்துத் திருக, பேஸ் சாக்கெட்டிலேயே நின்று கண்ணாடி மட்டும் கையோடு வந்தது. "பேஸைப் புடிடா. கண்ணாடிக்கும் பேஸுக்கும் நடுவுல இருக்குறது காஞ்சுபோன பசை" என்றார். திட்டு அவ்வளவுதான். அன்று முழுக்க அவனை வேறு எதையும் செய்யவிடாமல் பழைய வால்வுகளைப் போட்டுப் போட்டுக் கழற்ற வைத்தார்.

வால்வைக் கையில் வாங்கியதும் பெரியவர் அதில் அச்சடித்த பெயரைப் படிக்கமாட்டார். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிபோலப் பூசியிருக்கிற கெட்டரைப் பார்ப்பார். அது பேரியம்; உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. வெள்ளி மங்கிப் பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைக்குத்தான் போகும். ஓரம் பழுப்பாகக் கரைந்திருந்தால் நிறைய உழைத்த வால்வு. எரியும்போது கண்ணாடிச் சுவரில் ஒட்டினாற்போல நீலம் தெரிந்தால் பயமில்லை. பிளேட்டுக்கு நடுவே ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளி தெரிந்தால் உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும், உள்ளே கேஸ் சேர்ந்துவிட்டது.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி செய்த வால்வை இன்னொரு கம்பெனி தன் பெயர் அச்சடித்து விற்பது சாதாரணம். மல்லார்டு என்று போட்டிருக்கும், மல்லார்டின் பிளாக்பர்ன் ஆலையில் செய்ததாக இருக்காது. பிலிப்ஸ் வகையறா ஆலைகளில் செய்த வால்வு என்றால் கண்ணாடியின் அடியில் இரண்டு வரி பொடி எழுத்து இருக்கும், அமிலத்தில் அரித்து எழுதியது. மேல் வரி வால்வின் வகை. கீழ் வரியின் முதல் குறி ஆலை: 'பி' என்றால் பிளாக்பர்ன், முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹேர்லன், 'டி' என்றால் ஹாம்பர்க். பெயரும் சின்னமும் எச்சில் தொட்ட கட்டைவிரலுக்கே அழிந்து போகும்; இந்த எழுத்து அழியாது. இப்போது புதிதாகப் பெயர் அச்சடித்து வருகிற போலிகள் நிறைய. லென்ஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சாய்வான வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்தைத் தேடப் பழகுங்கள். கண்ணுக்குப் பழக நாளாகும்.

இனி ஃபிலமென்ட். வால்வு மாற்றுகிறவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். இசிசி82-உம் இசிசி88-உம் ஒரே ஒன்பது பின் சாக்கெட்டில் உட்காரும். ஆனால் இசிசி82-இல் 4, 5 பின்களுக்கு நடுவே 12.6 வோல்ட், 9-ஆவது பின் அந்த ஃபிலமென்டின் நடுப்புள்ளி. இசிசி88-இல் 4, 5-க்கு நடுவே 6.3 வோல்ட்தான்; 9-ஆவது பின் இரண்டு டிரையோடுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு. 12.6 வோல்ட் கட்டிய சாக்கெட்டில் இசிசி88-ஐச் செருகினால் பளிச்சென்று எரிந்து போய்விடும். ரஷ்ய 6என்1பி இன்னும் தந்திரமானது. பின் வரிசை இசிசி88 மாதிரியேதான், வோல்டேஜும் 6.3. ஆனால் இசிசி88 இழுப்பது 365 மில்லியாம்பியர், 6என்1பி இழுப்பது 600. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு ஆம்ப்ளிஃபயரில் ஒருவர் இரண்டு 6என்1பி போட்டு, "சவுண்ட் சூப்பர் சார், ஆனா கருகுற வாசனை வருது" என்று கொண்டுவந்தார். டிரான்ஸ்ஃபார்மர்மீது கை வைக்க முடியவில்லை. 6எஸ்என்7-க்குப் பதிலாக 6எஸ்எல்7 போடுகிறவர்களும் உண்டு. பின் ஒன்றுதான், எரியவும் செய்யும். ஆனால் மியூ 20-க்குப் பதில் 70, பிளேட் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு. சர்க்யூட் அதற்காகக் கட்டியதல்ல.

நம் ஊர் கரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 240 வந்தால் 6.3 வோல்ட் 6.87 ஆகிவிடும். வழக்கமாகச் சொல்லும் பத்து சதவீத எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பகலில் அளந்து சரியாக இருந்தது ராத்திரி ஊர் அடங்கியபின் ஏறியிருக்கும். நான் வால்வு எரிந்துகொண்டிருக்கும்போதே, சாக்கெட் பின்னிலேயே மீட்டர் வைத்து இரண்டு வேளையும் அளப்பேன். லோடு இல்லாமல் அளந்த அளவுக்கு மதிப்பில்லை.

மூடியைத் திறக்கும்முன் ஒரு பேச்சு. என் செட்டில் ஹெச்.டி., அதாவது பிளேட்டுக்குப் போகிற உயர் வோல்டேஜ், 170 வோல்ட். ஸ்விட்சை அணைத்தபிறகும் கண்டென்சர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை இன்சுலேஷன் போட்ட கிளிப்போடு தயாராக வைத்திருங்கள். அதைக் கண்டென்சருக்குக் குறுக்கே பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது அளக்கிற நேரத்தில் இடது கை பேன்ட் பாக்கெட்டில். பெரியவர் வேட்டி கட்டியவர். அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வார்.

என் செட்டில் 6ஏஎஸ்7-இன் ஒவ்வொரு கேத்தோடிலும் 3 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டன்ஸ். குறுக்கே 100 வோல்ட் நின்றால் 33 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். இடது பக்கம் 100, வலது பக்கம் 106 என்றால் விட்டுவிடலாம். 100-உம் 130-உமாக இருந்தால் பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 6ஏஎஸ்7 இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருவது அபூர்வம். ரெகுலேட்டர் வேலைக்கு அது தேவைப்படவில்லை, ஆலையிலும் யாரும் கவலைப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். முன்வால்வின் பிளேட்டிலிருந்து நடுவில் கண்டென்சர் இல்லாமல் நேரே பின்வால்வின் கிரிட்டுக்குப் போகிற சர்க்யூட் இது. அதனால் முன்வால்வை மாற்றினால் பின்வால்வின் பயஸும் நகரும். "6எஸ்என்7 மாத்தினதும் கீழ்ச் சத்தம் கெட்டியாயிருச்சு" என்று சொல்லும்போது, கெட்டியாக்கியது முன்வால்வா, நகர்ந்துபோன பயஸா? அளந்தவருக்குத்தான் சொல்ல முடியும்.

கேட்கிற முறைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலே எந்த வால்வும் நல்ல வால்வாகத் தெரியும். காது அப்படித்தான் ஏமாறும். அதனால் வால்வை மாற்றியதும் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டியபடியே ஜாக்கில் ஏ.சி. வோல்டேஜ் அளந்து, முன்பு இருந்த அளவுக்கே வால்யூமைத் திருப்பிவைப்பேன். விலை குறைந்த மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தடுமாறலாம், 400-இல் அவ்வளவு மோசமில்லை. பல பேர் சொல்கிற பெரிய வித்தியாசங்கள் இந்த ஒரு வேலையிலேயே கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் நிற்பது சின்னது, ஆனால் நிஜமானது.

நான் கேட்பது எப்போதும் அதே சில பதிவுகள். எம்.டி.ராமநாதனின் கீழ் ஸ்தாயிக் குரலும் பின்னால் ஓடும் தம்புராவும். வீணை எஸ்.பாலசந்தரின் நீண்ட கமகங்கள். இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வயலின்கள் கூட்டமாக ஏறுகிற இடங்கள். தம்புராவின் நான்கு கம்பிகளும் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒரே ரீங்காரமாகக் குழம்புகின்றனவா என்று பார்ப்பேன். தேய்ந்த 6எஸ்என்7-இல் முதலில் குழம்புவது தம்புராதான், பாடகர் குரலில் அது தெரியவே தெரியாது.

"வால்வுச் சத்தத்தின் கதகதப்பு" என்று சொல்கிறார்களே, அதில் ஒரு பகுதி வால்வின் மாயமே அல்ல. சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500 வரை ஏறும். 120 ஓம் அவுட்புட்டில் அதை மாட்டினால் அந்த இடம் மட்டும் சுமார் 1 டெசிபல் தூக்கும். அந்த உப்பலைத்தான் கதகதப்பு என்கிறோம். டங்-சால் 5998 போட்டால் அவுட்புட் இம்பீடன்ஸ் குறையும், உப்பலும் குறையும், கீழ்ச் சத்தம் இறுகினாற்போல இருக்கும். அதற்கு இன்று சொல்கிற விலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ரஷ்ய 6என்13எஸ் நான்கு வாங்கி, அளந்து, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒன்றை எடுத்துக்கொள்வேன். காசு இருந்தால் முன்வால்வுக்குச் செலவிடுங்கள். பெருக்குகிற வேலை அங்கேதான் நடக்கிறது, குணமும் குற்றமும் அங்கிருந்துதான் வருகின்றன.

புது வால்வு போட்டதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல வருடம் பெட்டியில் தூங்கியது முதல் சில மணி நேரம் இரையும், சில சமயம் பட்பட்டென்று வெடிக்கும். ஹெட்போனை மாட்டாமல் ஒரு சாயங்காலம் எரியவிடுங்கள். தினமும்கூட, ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிடம் கழித்தே ஹெட்போனை மாட்ட வேண்டும். அவுட்புட் கண்டென்சர் நிரம்பும்போது வருகிற உதை டயாஃப்ரத்துக்கு ஆகாது. ஹம் வந்தால் முதலில் வால்வைத் திட்டாமல் சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்லிடுக்குப் பிரஷ் சாக்கெட் துளைக்குள் அளவாக நுழையும். அப்புறம் பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டிப் பார்ப்பது. கொஞ்சம் 'டிங்' எல்லா வால்விலும் உண்டு. மணி அடித்தாற்போல நீண்டு ஒலித்தால், அதை ஹெட்போன் வேலைக்கு வைக்காமல் ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

அளந்ததை எழுதிவையுங்கள்: தேதி, இரண்டு கேத்தோடு வோல்டேஜ், ஃபிலமென்ட் வோல்டேஜ், எந்த ஹெட்போன். மறுபடி ஆறு மாதம் கழித்து அதே வால்வை அளந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். 6எஸ்என்7-இன் கறுப்பு பேஸில் வெள்ளைப் பென்சிலால் ஒரு எண் போட்டு அதையே நோட்டில் எழுதலாம். இசிசி88-க்கு பேஸே கிடையாது, கண்ணாடியில் எழுதினால் சூட்டில் மங்கிவிடும். அதற்கு அட்டைப் பெட்டியில் எழுதி, அந்தப் பெட்டியைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.