ஆயாவின் நோட்டு

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்திருக்கிறாள். வங்கியில் முப்பது வருஷம் பேரேட்டோடு மாரடித்தவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலமானால் கணக்குப்பதிவியல் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவாள். கோவளத்துக் காற்று பக்கத்தைத் தானே புரட்டிவிடும் என்பதால் மேலே ஒரு சங்கை வைத்துக்கொண்டுதான் படிப்போம்.

முதல் வாரமே முட்டிக்கொண்டது. ரொக்கம் உள்ளே வந்தால் பற்று, வெளியே போனால் வரவு என்கிறது பாடம். "வெளிய போறது எப்படி மாமா வரவாகும்?" என்றாள். அந்த வயதில் நானும் இதைக் கேட்டு, "விதி அது, மனப்பாடம் பண்ணு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. டெபிட், கிரெடிட் இரண்டும் அவர்கள் வீட்டில் புழங்காத சொற்கள். சொன்னதை அப்படியே எழுதிவிடுவார்கள். வரவு செலவு பேசும் வீட்டில் வளர்ந்தவளுக்கு வரவு என்றால் வரவுதானே?

அவளுடைய ஆயாவின் நோட்டுதான் வழிவிட்டது. ஆயா கரையில் ஏலம் எடுத்து, கூடைக்காரப் பெண்களுக்கு மீனைக் கடனாகப் பிரித்துக் கொடுப்பவர். ஆளுக்கொரு பக்கம், தலையில் சின்னச் சிலுவை, நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கவளை 1 கூடை 1,200'. வலப்பக்கம் அந்தக் கூடைக்காரி திருப்பித் தந்த பணம். இடது, அவள் பற்றிக்கொண்டு போனது. வலது, அவளிடமிருந்து வந்தது. பற்று, வரவு என்ற சொற்கள் பிறந்த இடமே இந்த மாதிரி நோட்டுதான் என்று எனக்குத் தோன்றியது; ஆளின் பெயரைத் தலையில் எழுதிவிட்டால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

"இதுல கல்லாப்பெட்டிக்கும் ஒரு பக்கம் போடு. பெட்டியும் ஒரு ஆளுன்னு வெச்சுக்கோ" என்றேன். பெட்டிக்குள் பணம் போட்டால் பெட்டி வாங்கிக்கொண்டது: பற்று. டீசலுக்கு எடுத்தால் பெட்டியிடமிருந்து வந்தது: வரவு. கொஞ்ச நேரம் சங்கையே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நான் கேட்காமலேயே ஐந்து கணக்கு போட்டாள்.

வெனிஸ் வியாபாரிகளின் இந்தப் பற்று வரவு முறையை 1494இல் அச்சில் விளக்கி எழுதிய லூகா பச்சோலி ஒரு துறவி. முதல் கணக்குப் புத்தகத்தில் சிலுவைக் குறி போட்டுத் தொடங்கச் சொன்னவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் பழக்கம் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆயாவிடம் சொன்னேன். "அவுரும் கடனுக்கு மீன் குடுத்தாரா?" என்றார்.

தேய்மானத்துக்கு வந்தபோது பெண்ணே உதாரணம் கொண்டுவந்தாள். அப்பா படகில் 12,000 ரூபாய்ப் பாடு. டீசல், ஐஸ் 3,000 போக மிச்சம் 9,000. ஆள் நாலு பேருக்கு நாலு பங்கு, படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு. ஆறு பங்கு, பங்குக்கு 1,500. "கடலுக்குப் போகாத படகுக்கு ஏன் பங்கு?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாளாம். படகு போகாமல் யார் போனார்கள்! வலை கிழியும், இன்ஜின் தேயும். அதற்கான பணம் அந்த டீசல், ஐஸ் 3,000 ரூபாயில் இல்லை, படகின் இரண்டு பங்கான இந்த 3,000 ரூபாயில் இருக்கிறது. நேர்கோட்டு முறைச் சூத்திரத்தை அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் இருப்பாய்வு. 900 ரூபாய் உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வங்கிப் பழக்கம். தேடினோம், 1,200 ஒரு பக்கத்தில் 2,100 ஆகியிருந்தது. அது அகப்படும்வரை அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஆயா, "இன்னா அது, அனாமத்து?" என்றார்.

"எங்க போச்சுன்னு தெரியாத பணத்த எழுதி வெக்கிற கணக்கு, ஆயா."

"அதுக்கா ஒரு பாடம்? எங்க வூட்டுல அது பேரு உங்க தாத்தா."