தினைக்கு ஒரு மஞ்சள்

நுழையும்முன்

கருவி காட்டும் நிறத்திற்கும் மனிதக் கண் காணும் நிறத்திற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வடிவமைப்பவரின் பொறுப்பு அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. கொல்லிமலைச் சிறுதானியப் பொட்டலங்களுக்கு நிறம் தேடிய ஒரு மாணவியின் பட்டறிவை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை விரிகிறது. மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக்கொடியும் நிழலில் வளரும் காப்பிச்செடியும் சரிவெங்கும் அன்னாசியுமாக அம்மலை பசுமையின் பல படிகளைக் காட்டுகிறது. அம்மலையின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, சமவெளி நகரக் கல்லூரியில் வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருத்தி விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்தாள். ஊர் மகளிர் குழுவினர் அவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகிய மூன்றையும் அரைக்கிலோப் பொட்டலங்களாக விற்க வேண்டும். அவற்றின் உறைகளை அவள் வடிவமைத்துத் தர வேண்டும்.

வேலை சிறிதாகத் தோன்றினாலும் அதன் பின்னணி பெரிது. ஒரு காலத்தில் சிறுதானியங்கள் செழித்த கொல்லிமலை வயல்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தேவை. அதனால் விற்ற உடனே பணம் கைக்கு வரும். சாமையையோ உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களின் தோள்கள் ஓய்ந்துவிடும். இந்நிலையை மாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை மக்களோடு நெடுங்காலம் உழைத்துள்ளது. பாரம்பரிய விதைகளைக் காத்தல், உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவருதல், மதிப்புக்கூட்டிய பொருள்களைச் சந்தைப்படுத்துதல் என அப்பணி விரிந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும் கடையின் அடுக்கில் கிடக்கும் பொட்டலத்தை வாங்குபவரின் கை எடுத்தால்தான் அடுத்த ஆண்டும் வயலில் தினை விதைக்கப்படும். இதனை அம்மாணவி நன்கு அறிந்திருந்தாள்.

மூன்று தானியங்களையும் முறத்தில் பரப்பித் திறன்பேசியில் படமெடுத்தாள். வண்ணத் தொகுப்புகளை உருவாக்கித் தரும் இணையதளம் ஒன்றில் அப்படத்தை ஏற்றினாள். நொடிப்பொழுதில் திரையில் ஐந்து வண்ணக் கட்டங்கள் தோன்றின. படத்திலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுள் ஒத்த நிறமுடையவற்றைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடுநிறத்தைக் கணக்கிட்டுத் தருவதே இத்தகைய கருவிகள் பின்பற்றும் பொதுவான முறை. வெளிர் பழுப்பு, இளமஞ்சள், சந்தனம், செம்பழுப்பு, சாம்பல் என்னும் ஐந்தும் ஒன்றோடொன்று இழைந்து நின்றன. ஒவ்வொன்றின் கீழும் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறிலக்கக் குறியீடு இருந்தது.

அக்குறியீட்டின் பொருள் எளிது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். இத்தனை நிறங்களுள் பொருத்தமானவற்றைத் தேடுவதற்கு நிறச்சக்கரம் துணை செய்கிறது. ஒளியைப் பற்றி ஐசக் நியூட்டன் எழுதி 1704இல் வெளிவந்த நூலில் நிறங்கள் வட்டமாக அடுக்கிக் காட்டப்பட்டுள்ளன. ஒரு நிறத்தை அதன் வகை, ஒளிர்வு, செறிவு என்னும் மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் நூலாக வெளியிட்டார். சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கும் அண்டை நிறங்கள் அமைதியைத் தரும். எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும். இன்றைய இணையக் கருவிகள் இந்தப் பழைய அறிவையே விரல் நுனிக்குக் கொண்டுவந்துள்ளன.

கருவி தந்த தொகுப்பை அப்படியே கொண்டு மூன்று உறைகளையும் அவள் வரைந்து முடித்தாள். திரையில் அவை மிக அழகாக இருந்தன. அடிவாரத்து அச்சகம் ஒன்றில் பழுப்புத்தாளில் மாதிரி அச்சிட்டு எடுத்துவந்தாள். அந்தி சாயும் வேளையில் மூன்று பொட்டலங்களையும் திண்ணையில் வரிசையாக வைத்துப் பாட்டியை அழைத்தாள்.

“பாட்டி, இதுல தினை எதுன்னு எடுங்க.”

பாட்டி குனிந்து பார்த்தார், ஒன்றை எடுத்தார். அது சாமை. மீண்டும் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அது கேழ்வரகு.

“எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்குது கண்ணு. கையில கொட்டிக் காட்டு, சொல்லிப்புடறேன்.”

அறுபது ஆண்டுகளாகத் தினையை விதைத்து, காத்து, அறுத்த கை அது. அந்தக் கைக்கே தினையைக் காட்டாத உறையால் யாருக்கு என்ன பயன்? அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. பிழை எங்கே என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தாள்.

முதற்பிழை, திரையைத் தாளாக எண்ணியது. திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அச்சில் பயன்படுபவை வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள். பழுப்புத்தாளின் நிறமும் மையோடு கலந்துகொள்ள, இளமஞ்சளும் சந்தனமும் தம் வேறுபாட்டை இழந்தன. இரண்டாம் பிழை, தன் கண்ணையே எல்லாருடைய கண்ணாகவும் கொண்டது. முதுமையில் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளிக்கும். வெண்மைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு அப்போது மங்கும். மூன்றாம் பிழையே பெரியது. எந்நிறங்கள் இணங்கும் என்று அவள் கருவியிடம் கேட்டாள். கருவி சரியாகவே விடையளித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. மூன்று பொட்டலங்களும் வெவ்வேறானவை என்று எளிதில் தெரிய வேண்டும் என்பதே தேவை. இணக்கத்தைக் கேட்டதால் இணக்கம் கிடைத்தது. வேற்றுமையை அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் படத்திலிருந்து தொடங்காமல் பாட்டியிடமிருந்து தொடங்கினாள். விதைக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தினைக்கதிரைப் பாட்டி எடுத்துக் கொடுத்தார். “முத்துன கதிரு இந்த மஞ்சளா இருக்கோணும். இதுக்கு முன்னால அறுத்தா பதரு” என்றார். அந்த அடர்மஞ்சளைத் தினைக்கு உரியதாக அவள் முடிவு செய்தாள். கேழ்வரகுக்கு அதன் மணியின் செம்பழுப்பையும் சாமைக்கு அதன் பயிரின் கரும்பச்சையையும் தேர்ந்தாள்.

இம்முறை கருவியை வேறு வகையில் பயன்படுத்தினாள். நிறக்குறைபாடு உடையோர் கண்ணுக்கு ஒரு தொகுப்பு எவ்வாறு தோன்றும் என்று காட்டும் வசதி அதில் இருந்தது. அதை இயக்கியதும் செம்பழுப்பும் கரும்பச்சையும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஆகவே பச்சையை விடுத்து, மாலையில் தொலைமலைகள் கொள்ளும் கருநீலத்தைச் சாமைக்குத் தந்தாள். பின்னர் மூன்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாள். ஒன்று வெளிறியும் ஒன்று இடைநிலையிலும் ஒன்று இருண்டும் நின்றன. நிறத்தை நீக்கியபின்னும் வேற்றுமை எஞ்சியது.

எழுத்துகளையும் சோதித்தாள். இணையப் பக்கங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை 1 முதல் 21 வரை அளக்கிறது; சிறிய எழுத்துகளுக்கு அது குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது. அச்சுக்கும் அது நல்ல அளவுகோலே. மஞ்சளின்மேல் வெள்ளை எழுத்து அத்தேர்வில் தோற்றது; கறுப்பு எழுத்து வென்றது. நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லலாகாது என்றும் அந்நெறி வலியுறுத்துகிறது. எனவே வளைந்து தொங்கும் தினைக்கதிர், விரல்களாய்ப் பிரியும் கேழ்வரகுக்கதிர், விரிந்து பரவும் சாமைக்கதிர் ஆகியவற்றின் கோட்டோவியங்களை உறைகளில் பெரிதாக வரைந்தாள். பழுப்புத்தாளுக்குப் பதிலாக வெள்ளைத்தாளில் அச்சிடச் செய்தாள்.

மீண்டும் அதே திண்ணை, அதே அந்தி. பாட்டி பொட்டலங்களைத் தொலைவிலிருந்தே பார்த்தார். குனியவில்லை, தயங்கவில்லை. மஞ்சள் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ எனத் தமிழர் நிறங்களுக்குப் பொருள்களின் பெயர்களைச் சூட்டினர். பெயர், நிறத்தை நினைவில் நிறுத்துகிறது. எண்ணோ அதை எந்த ஊர் அச்சகத்துக்கும் துல்லியமாகச் சொல்கிறது. பெயர் மட்டும் இருந்தால் அச்சிடுபவர் தடுமாறுவார். எண் மட்டும் இருந்தால் அது எதன் நிறம் என்பது மறந்துபோகும். அச்சகத்துக்குக் கொடுத்த தாளில் மஞ்சள் கட்டத்தின் கீழ் ஆறிலக்கக் குறியீட்டை எழுதிய அம்மாணவி, அதனருகில் மேலும் இரண்டு சொற்களைச் சேர்த்தாள்: முற்றிய தினைக்கதிர்.