பெருவிரலும் பனிவெளியும்

பனிமீது சறுக்கி ஓடுவதும், துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவதும் ஒன்றோடொன்று ஒட்டாத இரு தொழில்கள். முன்னதில் மூச்சு இரைக்கும். பின்னதற்கோ மூச்சு அடங்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருவரே, ஒரே ஓட்டத்தில், மாறிமாறிச் செய்யும் விளையாட்டுக்குப் பயத்லன் என்று பெயர். 1767 ஆம் ஆண்டளவில் நோர்வே நாட்டுப் படைவீரர் தமக்குள் நடத்திய போட்டியே இதன் வித்து என்பர். ஒலிம்பிக் விழாவில் ஆடவருக்கு 1960 இலும் பெண்டிருக்கு 1992 இலும் இடம் கிடைத்தது. வெயிலில் பிறந்து வெயிலில் வளரும் நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். எனக்கு அவ்வுறவு என் தமக்கையின் மகன் வழியாக வந்தது.

அக்கா மணமாகி நோர்வே சென்றது 1998 இல். அங்கே பிறந்த என் மருமகனுக்கு இப்பொழுது வயது பதினேழு. அந்நாட்டில் குழந்தை நடக்கத் தொடங்கியதும் காலிற் சறுக்குப் பலகையைப் பூட்டிவிடுகிறார்கள். ஆகவே அவன் சறுக்கியதில் வியப்பில்லை. பன்னிரண்டாம் வயதில் அவன் துப்பாக்கியை விரும்பியதே அக்காவுக்கு இடியாயிற்று. பதுங்கு குழிக்குள் இளமைக் காலத்தின் பல இரவுகளைக் கழித்தவள் அவள். குறைந்தது மூன்றரைக் கிலோ நிறையுள்ள அக்கருவியை முதுகிலே சுமந்துகொண்டு தன் மகன் ஓடும் காட்சியை அவள் ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கும் இரும்புப் பெட்டகம் உள்ள அறைக்குள் அவள் தும்புத்தடியும் கொண்டு செல்வதில்லை. அத்தான்தான் கூட்டுவார்.

2024 ஆம் ஆண்டு மார்கழியில், கல்லூரியில் விடுப்புப் பெற்று நான் அங்கு சென்றபோது, பையன் வலக்கையில் கட்டுடன் என்னை வரவேற்றான். இறக்கமான ஒரு வளைவில் விழுந்திருக்கிறான். விழுந்தவன் கையிலிருந்த ஊன்றுகோலை விடவில்லை; அதன் வார் கையுறைபோல் பெருவிரலைச் சுற்றி இறுகியிருப்பது. கோல் பனியில் ஊன்றி நிற்க, பெருவிரல் வெளிப்புறமாக மடங்கிவிட்டது. அவ்விரலின் அடிமூட்டில், உட்பக்கத்தைத் தாங்கும் இணைநார் கிழிந்துபோயிற்று. சறுக்குவோரிடையே இது மிகவும் காணப்படும் காயமாம். மருத்துவ ஏடுகளில் இதற்கு மற்றொரு பெயருமுண்டு. வேட்டைக்காட்டுக் காவலர் முயலின் கழுத்தைக் கையால் முறித்து முறித்து இந்நாரைத் தளர்த்திக்கொள்வதை 1955 இல் கம்பல் என்னும் மருத்துவர் எழுதினார். அதிலிருந்து ‘காவலன் பெருவிரல்’ என்றும் வழங்கலாயிற்று.

நார் முற்றாக அறுந்தால் அதன் நுனி அருகிலுள்ள தசைநார்ப் படலத்தின்மேல் ஏறிக்கொள்ளும்; பின் எத்துணைக் காலம் கட்டிவைத்தாலும் அது தன்னிடத்துக்கு மீளாது. சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் ஸ்தேனர் 1962 இல் விளக்கிய நிலை இது. அப்போது அறுவையே வழி. எங்கள் பையனுக்குப் பாதிக் கிழிவுதான். ஆறு வாரம் பெருவிரலை அசையாதபடி அணைகட்டி வைத்தால் போதும் என்றனர். வில்லாளிக்கு வலக்கைப் பெருவிரல் போனால் என்ன மிஞ்சும் என்பதை ஏகலைவன் கதை படித்த எவரும் அறிவர். அந்தக் கதையை அன்றிரவு அவனுக்குச் சொன்னேன். “அந்த வாத்தியாரைப் பொலிசில் பிடித்துக் கொடுக்கவில்லையா, மாமா?” என்று கேட்டான். நானும் ஒரு வாத்தியார் ஆதலால் மேலே பேசவில்லை.

நான் கண்டு வியந்தது அந்த ஆறு வாரத்தை அவர்கள் பயன்படுத்திய முறையை. ஓய்வெடுத்தது பெருவிரல் ஒன்றே. கோல் இன்றியே காலால் மட்டும் சறுக்கவைத்தார்கள். கோலில்லாதபோது உடலின் சமநிலை இன்னும் கூர்மையடைகிறதாம். வீட்டிலே மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே சுவரில் ஒட்டிய ஐந்து கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக நோக்கி மூச்சை அடக்கி நின்றான். களத்தில் இலக்கு ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருக்கும். நின்று சுடும்போது அதன் குறுக்களவு 115 மில்லிமீற்றர், படுத்துச் சுடும்போது 45 மில்லிமீற்றர் மட்டுமே. நம் ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டை அருகருகே வைத்தாற்கூட அதற்குள் முழுதாய் அடங்கமாட்டா.

நம் பாடசாலைகளிலே பந்தடியிற் கணுக்கால் பிசகிய மாணவனுக்கு இரண்டே கதிகளைக் காண்கிறேன். வலியோடு மறுநாளே களமிறக்கப்படுகிறான். அல்லது “இனி விளையாட்டு வேண்டாம், படிப்பைப் பார்” என்று என்றைக்குமாக விலக்கப்படுகிறான். காயத்துக்கு ஓய்வும் பனிக்கட்டியும் கட்டும் உயர்த்தி வைத்தலும் என்ற நான்கு சொல் மந்திரத்தை 1978 இல் எழுதிய மேர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவரே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் திருத்திக்கொண்டார். நாமோ பழைய மந்திரத்தையேனும் முழுதாய்ச் சொல்வதில்லை.

அக்கா கேட்டபடி நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கிச் சென்றிருந்தேன். பையனின் இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் அதனை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். தோளில் பூசலாம், அந்த மூட்டை மட்டும் நீவவோ இழுக்கவோ கூடாது என்றார். கிழிந்த நாரை இழுப்பது தைத்த துணியைத் தையல்வழியே இழுப்பதை ஒக்கும் என்பது எனக்கு உடனே விளங்கிற்று.

அக்காவின் மனத்திலே வேறோர் எண்ணம் இருந்தது. “தம்பி, நீ சொன்னால் அவன் கேட்பான். இந்தக் காயத்தோடு இதை விடச் சொல்லு” என்றாள் ஒருநாள் இரவு. அவள் அஞ்சியது பெருவிரலுக்காக அன்று என்பது எனக்குத் தெரியும். மறுநாள் நானும் அவளும் அவனோடு சிகிச்சைக்குப் போனோம். இயன்மருத்துவர் தாயையும் மாமனையும் விட்டுவிட்டு அவனையே கேட்டார்: “உனக்கு எதிலே பயம்?” துப்பாக்கியிலோ வலியிலோ அல்ல, அந்த இறக்க வளைவில்தான் என்றான் அவன். ஒவ்வோர் இரவும் அதிலே விழுவதாகக் கனவு வருகிறதாம். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கனவிலே பயந்து எழும் பிள்ளைப் பருவம் இன்னதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்பின் அவள் விடச்சொல் என்று என்னிடம் கேட்கவில்லை.

பயத்துக்கும் அவர்கள் படிமுறை வைத்திருந்தார்கள். முதலில் அவ்வளைவுக்கு நடந்து போய் நின்று பார்த்தான். பின்னர் பாதி இறக்கத்திலிருந்து மெதுவாக இறங்கினான். பின்னர் முழு இறக்கம், கோலின்றி. கட்டு அவிழ்த்தபின் களிமண் உருண்டையைப் பிசைந்து பெருவிரலுக்கு வலுவேற்றினான். மறுகையோடு ஒப்பிட்டுப் பிடியின் வலு போதியது என்று கண்ட பின்னரே கோலும் துப்பாக்கியும் கைக்கு வந்தன. அப்போதும் கையுறைக்குள் மெல்லிய அணையொன்று இருந்தது. இவற்றின் பிற்பகுதியை ஊர் திரும்பியபின் தொலைபேசியில்தான் அறிந்தேன்.

பங்குனியில் அவன் முதற்போட்டிக்குப் போனான். அன்றிரவு அக்காதான் அழைத்தாள். படுத்துச் சுட்டதில் ஐந்தும் விழுந்தனவாம். நின்று சுட்டதில் இரண்டு தவறினவாம். தவறுக்கு ஒன்றாக நூற்றைம்பது மீற்றர்த் தண்டவட்டம் இரண்டுமுறை ஓடினானாம். “முதல் வட்டம் இருபத்தெட்டு விநாடி, இரண்டாவது இருபத்தாறு. நானே மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றனான்” என்றாள்.