மூன்றேகால் மலையாளிகள்

மத்திகிரிக்காரர்களுக்கு ஒரு காது எப்போதும் பெங்களூர்ப் பக்கம்தான். வேலை, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு என்று எதற்கெடுத்தாலும் அத்திப்பள்ளியைத் தாண்டுகிறோம். அந்த ஊர்ப் பாட்டும் அப்படியே இங்கே வந்துவிடுகிறது. என் மகன் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற ராக் குழு.

அனல் மின் நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1996இல் பெங்களூரில் இதைத் தொடங்கியவர்களில் மூன்று பேர் மலையாளிகள், நான்காமவர் கால் மலையாளி. 'த்ரீ மல்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தெர்மல் ஆகிவிடும்!

அந்தக் காலத்தில் கல்லூரி மேடைகளில் வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டை அச்சு அசலாக வாசித்தால்தான் கைதட்டல். இவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். பாட்டு ஆங்கிலம், விஷயம் பெங்களூர். 2012இல் ஆட்டோவை மனதில் வைத்து 'த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்' என்று மூன்று தட்டுகள் கொண்ட ஆல்பம் போட்டார்கள். அதில் 'மீட்டர் மேலெ ஒன் அண்ட் ஹாஃப்' என்று ஒரு பாட்டு. ராத்திரியில் மெஜஸ்டிக்கில் இறங்கி ஆட்டோ பிடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அதே 2012இல் உலகப் புகழ்பெற்ற கன்ஸ் அண்ட் ரோசஸ் பெங்களூர் வந்தபோது, அவர்களுக்கு முன்பாக மேடையேறியவர்கள் இவர்கள். இருந்தும் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 'அப்படியா?' என்பார்கள். சினிமாப் பாட்டுக்குக் கிடைக்கும் காசும் பேரும் சினிமாவுக்கு வெளியே கிடைப்பதில்லை. அதற்காக இவர்கள் கடையைக் கட்டவில்லை. கிடார் வாசித்துப் பாடும் புரூஸ் லீ மணி, டிரம்ஸ் வாசிக்கும் ராஜீவ் ராஜகோபால் ஆகியோர் சேர்ந்து இசைப்பள்ளியும் நடத்தினார்கள். 2020இல்கூடப் புது ஆல்பம் வந்தது. கணக்குப் போட்டால் 24 வருஷம்! இவர்களைப் பார்த்து 'நம்ம பாட்டை நாமே எழுதலாம்' என்று கிளம்பிய பையன்கள் பலர்.

என் மகனும் அதில் ஒருவன். கோரமங்களாவில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லித் தருகிறான். போன மாதம் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். "பாட்டு கிளாஸ் சரிங்க, தம்பிக்கு வேலை என்னங்க?" என்றார் பெரியவர். மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

நான் சொன்னேன்: "ஐயா, நான் சிப்காட்டில் 31 வருஷம் லேத்தில் நின்றவன். நான் கடைந்த சாமான் எத்தனையோ வண்டிக்குள் ஓடுகிறது. எதிலும் என் பேர் கிடையாது. ஆனால் அதை யாரும் வேலை இல்லை என்று சொன்னதில்லை. இவன் கிட்ட கத்துக்கிட்ட பிள்ளைங்க நாளைக்கு எங்கேயோ வாசிப்பாங்க. இதுவும் வேலைதாங்க."

பெரியவர் காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். இன்னும் யோசிக்கிறார். பரவாயில்லை, மகன் அன்று சாயங்காலம் வழக்கம்போல 5 மணி வகுப்புக்குப் பஸ் ஏறினான்.